வெள்ளிக்கிழமை எடுத்த படம்

என் படம் பேப்பரில் இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டு முறையும் எங்கள் குப்பத்து நூலகத்தைப் பற்றிய செய்திக்குத்தான் என்னைப் படம் பிடித்தார்கள். முதல் முறை, அந்த நூலகம் செத்துக் கிடக்கிறது என்பதற்கு நான் சாட்சி. இரண்டாம் முறை, அது உயிர் பெற்று எழுந்துவிட்டது என்பதற்கும் நானேதான் சாட்சி. நடுவில் இருந்த மாதங்களில் அதை மூடிவிட இருந்தார்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். படிக்கிறவர்களுக்கும் அவசரம் இருக்காது என்று நினைக்கிறேன்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. நூலகம் ஒரே அறை. மூன்று இரும்பு அலமாரி, ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்சு, ஒரு மின்விசிறி. வாசலில் சிமெண்டுத் தரை. நூலகம் என்பது போர்டில்தான். ஊரில் எல்லோருக்கும் அது பேப்பர் ரூம். விடிகாலை வலை எடுத்துவிட்டு வருகிற ஆம்பிளைகள் மீனைக் கரையில் இறக்கிக் கொடுத்துவிட்டு, ஏரியிலேயே கை காலைக் கழுவிக்கொண்டு, ஈர லுங்கியோடு அங்கே போய் உட்காருவார்கள். பத்து மணிக்கு பெஞ்சில் இடம் கிடைக்காது.

என் வீட்டுக்காரரும் அப்படிப் போனவர்தான். அங்கே படித்ததை வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்வார். நான் சோறு போடுவேன், அவர் சேதி சொல்வார். ஆந்திரா பக்கம் புயல் போகிறதா, நம் பக்கம் திரும்புகிறதா, எந்த ஊரில் எந்தப் பெண் பரீட்சையில் முதலாக வந்தாள், எல்லாம் குழம்போடு சேர்ந்து வரும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் பேச்சுக்குக் குறைவும் இல்லை. அவர் போன பிறகு சேதி நின்றுவிட்டது. ஒரு மாதம் பொறுத்தேன். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நானே பேப்பர் ரூமுக்குப் போய் அவர் உட்காருகிற பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு பொம்பளை வந்து உட்கார்ந்ததும் ஆம்பிளைகள் கொஞ்சம் நெளிந்தார்கள். நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற நூலகத்தம்மா எழுந்து வந்தாள். அவள் காட்டூரில் பயிர் வைக்கிற வீட்டுப் பெண். தினமும் பஸ்ஸில் வருவாள். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "இன்னா வேணும் ஆயா?" என்று கேட்டாள்.

"பேப்பரு."

"அவங்க வெச்சினு கீறாங்களே. வாங்கித் தரட்டுமா?"

"வேணாம். நேத்துது குடு."

ஒருத்தரிடம் கேட்டு வாங்கிப் படிப்பது எனக்குப் பிடிக்காது. நேற்றைய பேப்பரை யாரும் பிடுங்க வரமாட்டார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஒரு பக்கம் முடிவதற்குள் மதியச் சோற்று நேரம் வந்துவிடும். அன்றிலிருந்து நேற்றைய பேப்பர்தான் எனக்குப் பேப்பர். உலகத்தில் நடப்பது எல்லாம் எனக்கு ஒரு நாள் தள்ளித்தான் நடக்கும். அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை, அந்த ஒரு முறையைத் தவிர.

நூலக வாசலில் இருப்பதுதான் எங்கள் குப்பத்திலேயே மண் ஒட்டாத சிமெண்டுத் தரை. சென்னாக்கூனி தெரியும் அல்லவா, அரிசி அளவுக்கு இருக்கும் பொடி இறால், அதை மணலில் காயப் போட்டால் பல்லில் நறநறக்கும். அதனால் பொம்பளைகள் அங்கே பரப்புவோம். மற்ற நாளில் ஒன்பது மணிக்கு முன்னால் வாரிக் கூட்டிப் பெருக்கிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை. அன்றைக்கு மட்டும் நாள் முழுக்கக் காயலாம். இது நூலகத்தம்மாவே வகுத்துக் கொடுத்த முறை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நான் காக்கா விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலியில் யாரோ வலையைப் போட்டிருந்தார்கள். தலையில் ஹெல்மெட்டும் தோளில் பையுமாக ஒருத்தர் வண்டியில் வந்து இறங்கினார்.

"இது நூலகம் தானம்மா?"

"போர்டுல எழுதிக்கீதே நைனா."

சிரித்துக்கொண்டார். பூட்டைப் பார்த்தார், ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார், வலையைப் பார்த்தார். "யாரும் வரமாட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னிக்கு எவன் வருவான், வெள்ளிக்கெழம."

பையிலிருந்து கேமராவை எடுத்தார். சென்னாக்கூனியைப் பற்றி எழுத வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, நான் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தேன். போகும்போது ஒரு பிடி சென்னாக்கூனியை மடித்துக் கொடுத்தேன். வாங்கி மோந்து பார்த்துவிட்டு வண்டியின் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குக் கடை சாமான் வாங்கப் போயிருந்தேன். டீக்கடை பாய் என்னைப் பார்த்ததும், "வா ஆயா, பேப்பர்ல எல்லாம் வந்துட்ட, இனிமே எங்கள எல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்றார். அவர் எப்போதும் எதையாவது சொல்லி வம்புக்கு இழுப்பவர்தான். என்ன ஏது என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். "டீய போடு பாய்" என்று மட்டும் சொன்னேன். ஊருக்குத் திரும்பினால், எதிரில் வந்த பொம்பளைகள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை போய் உட்கார்ந்தேன். நூலகத்தம்மா என் பக்கம் திரும்பாமல் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து பேப்பர் எங்கம்மா?"

"எலி கடிச்சிடுச்சு ஆயா."

"எந்தப் பக்கத்த கடிச்சிது?"

அவளுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. மேசை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றாள்.

என் படம் பெரிதாகவே இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பின்னால் பூட்டிய கதவு, பக்கத்தில் வலை, காலடியில் சென்னாக்கூனி. மேலே கொட்டை எழுத்து. கருவாடு காயும் நூலகம், எட்டிப் பார்க்க ஆளில்லை. நான் ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் படித்தேன். வருகைப் பதிவேட்டின்படி ஒரு நாளைக்கு நாலைந்து பேருக்கு மேல் வருவதில்லை என்று இருந்தது. கட்டடம் மீனவர்களின் கிடங்காகிவிட்டது என்று இருந்தது. கடைசியில் நான். 'எவன் வருவான்' என்று சலித்துக்கொள்கிறார், நூலக வாசலைக் கருவாட்டுக் களமாக மாற்றிவிட்ட மூதாட்டி.

படித்து முடிக்கப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. ஒரு செய்தியை ஒரு வரி விடாமல் நான் முழுதாகப் படித்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க அப்பிடி சொன்னீங்களா ஆயா?" என்று நூலகத்தம்மா மெல்லக் கேட்டாள்.

"சொன்னேன். முன்னாடி ஒரு வார்த்த இருந்திச்சு, பின்னாடி ஒரு வார்த்த இருந்திச்சு. ரெண்டயும் தின்னுட்டாரு. என் சென்னாக்கூனியயும் தின்னிருப்பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. என் வாயிலிருந்து வந்ததை வைத்து என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்தைக் கேவலம் செய்துவிட்டார்களே என்றுதான் இருந்தது.

இதில் எனக்கு இன்னமும் விளங்காதது ஒன்று உண்டு. அன்றைக்கு அந்த பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் முந்தின நாளே அந்தச் செய்தியைப் படித்தவர்கள். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மகன் நடுவில் இருந்தான். அவன்தான் இப்போது எங்கள் வலையின் தலைவன், வலைக்காரன் என்போம். அவன் சொன்னான்: "எழுதினதுல இன்னா சின்னம்மா தப்பு? நம்ம லைப்ரரி பாழாத்தான கீது. எவன் படிக்கிறான் இந்தக் காலத்துல?"

"நீ எங்கடா குந்தினு கீற?"

அவன் குனிந்து பெஞ்சைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன், "அண்ணன் படிக்கலியே, காத்து வாங்கினு கீது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தாலும், பேப்பரில் வந்ததைத்தான் நம்பினார்கள். தாங்கள் தினமும் உட்காருவது அவர்களுக்குச் சாட்சியாகப் படவில்லை.

அடுத்த வாரமே பெஞ்சில் ஆள் குறைய ஆரம்பித்தது. சாயங்காலம் வருகிற பெண் பிள்ளைகளை அம்மாக்கள் அனுப்பவில்லை. ஆளில்லாத இடத்துக்கு எதற்குப் போகிறாய் என்றார்களாம். பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில், உங்கள் நூலகத்தில் புத்தகத்துக்குப் பதிலாகக் கருவாடு கொடுப்பார்களா என்று கேலி செய்தார்களாம். எனக்கே ஒன்று நடந்தது. படத்தைப் பார்த்த பிறகுதான் சுவரில் இருந்த விரிசல் என் கண்ணில் பட்டது. அது எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறதோ. அதன் பிறகு, உள்ளே போனால் முதலில் விரிசலைத்தான் பார்ப்பேன்.

மூலையில் பழைய பேப்பர் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. நூலகம் என்ற சொல்லின் உருவம் எனக்கு நன்றாகத் தெரியும், போர்டில் தினமும் பார்ப்பது. ஒரு வாரம் உட்கார்ந்து அந்தச் சொல்லைத் தேடினேன். நிறையக் கிடைத்தது. ஒரு ஊரில் கூரை ஒழுகியது. ஒரு ஊரில் அலமாரிக்குள் பாம்பு. ஒரு ஊரில் வாசலில் சாராய பாட்டில். இல்லாவிட்டால் பட்டணத்தில் கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட், பெரிய மனிதர்கள் ரிப்பன் வெட்டுகிற படம். காலையில் திறந்தார்கள், நாலு பேர் வந்து படித்தார்கள், பூட்டினார்கள் என்று ஒரு இடத்திலும் இல்லை. வீட்டில் இன்றைக்கும் உலை கொதித்தது என்று யாரும் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வதில்லைதான். ஆனால் ஆரம்பாக்கத்திலோ பொன்னேரியிலோ உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவனுக்கு நூலகம் என்றால் என்ன தெரியும்? குப்பத்து நூலகம் என்றால் ஒழுகும், பட்டணத்து நூலகம் என்றால் மினுக்கும். அவ்வளவுதான் தெரியும். அதிகாரிகளும் அந்தப் பேப்பரைத்தானே படிக்கிறார்கள்.

அவர்கள் படித்துவிட்டார்கள் என்பது ஒரு மாதத்தில் தெரிந்தது. மத்தியானம் கதவைப் பூட்டும்போது நூலகத்தம்மா சொன்னாள்: "மேலேர்ந்து ஒரு சார் வந்து பாக்கப் போறாரு ஆயா. யாரும் வர்றதில்லன்னா இத மூடிட்டு, புத்தகத்த எல்லாம் டவுன் நூலகத்துல சேத்துடுவாங்களாம்."

"உன்ன?"

"எங்கயாச்சும் மாத்துவாங்க." பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். "நீங்க டவுனுக்கு வந்து படிக்கலாமே ஆயா."

போகலாம்தான். பஸ் இருக்கிறது. அங்கே மின்விசிறியும் அதிகம். ஆனால் அந்த பெஞ்சு அங்கே இருக்காது. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நாளைக்கு அந்தப் பதிவேட்ட காட்டு" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காட்டினாள். ஒரு நாளைக்கு நாலு பேர், ஐந்து பேர், அதே பேர்கள். என் வலைக்காரன் பேர், மேலத்தெரு வலைக்காரர் பேர், இன்னும் இரண்டு மூன்று வலைக்காரர்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் விழாது. அதனால் எந்த நாளில் எந்த இடத்தில் எந்த வலை போவது என்று முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பேர். பாடு நோட்டில் ஒரு வலைக்கு ஒரு பேர்தான் எழுதுவார்கள், வலைக்காரர் பேர். கூடப் போகிற ஐந்தாறு பேரும் அந்தப் பேருக்குள் அடக்கம். அதில் ஒருத்தன் தன் பேரைத் தனியாக எழுதினால், வலையைப் பிரித்துக்கொண்டு போகிறான் என்று அர்த்தம். வீட்டில் அடுப்பைப் பிரிப்பது மாதிரி அது. பேப்பர் ரூம் திறந்த நாளிலும் ஒரு நோட்டை வைத்துப் பேர் எழுதச் சொன்னார்கள். வலைக்காரர்கள் எழுதினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல அவர்கள் பேருக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

"நான் வந்த புதுசுல கேட்டேன் ஆயா," என்றாள் நூலகத்தம்மா. "எங்க அண்ணன் போட்டுடுச்சுன்னு சொல்லுவாங்க. சரின்னு விட்டுட்டேன். என் தப்புதான்."

"உன் தப்பு இல்ல. எங்க புத்தி அது." நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டேன். "பழைய நோட்டுலாம் கீதா?"

அலமாரிக்கு அடியிலிருந்து தூசி தட்டி எடுத்தாள். என் வீட்டுக்காரர் பேரைத் தேடினோம். அவள் வேகமாகத் தேடினாள், நான் என் வேகத்தில் தேடினேன். மழைக்காலம், வெயில்காலம் என்று அத்தனை பக்கத்திலும் அவருடைய அண்ணன் பேர்தான் இருந்தது. அந்த மனிதர் ஒரு நாள் தவறாமல் உட்கார்ந்த அறையில் அவர் பேர் ஒரு இடத்திலும் இல்லை. நூலகத்தம்மா அடுத்த நோட்டை எடுக்கப் போனாள். போதும் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே வலை பின்னுகிற இடத்துக்குப் போய் வலைக்காரனிடம் சொன்னேன். அவன் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். அப்புறம், "அவ்ளோதான சின்னம்மா, அந்த சார் வர்ற அன்னிக்கு ஊரே வந்து குந்திக்கிறோம்" என்றான்.

சொன்னபடி வந்தார்கள். தலையில் எண்ணெய், துவைத்த சட்டை. பாடு இருந்த வலைகூட அன்றைக்கு ஏரிக்குப் போகவில்லை. ஒரு நாள் முறையை விட்டுக்கொடுப்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. பெஞ்சில் இடம் இல்லாமல் தரையிலும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பதுபோல இருந்தார்கள். அதிகாரி உள்ளே வந்தார். வயதானவர், மூக்குக் கண்ணாடி போட்டவர். ஒரு சுற்று பார்த்தார்.

"ஒரு நாளைக்கு ஆள் சேக்கறது ஒண்ணும் பெரிய காரியமில்லம்மா," என்று நூலகத்தம்மாவிடம் சொன்னார். "எனக்குப் பதிவேடுதான் பேசணும்."

வலைக்காரன் எழுந்து பாடு, வலை என்று என்னமோ சொல்லப் பார்த்தான். "ஏரிக் கதையெல்லாம் வேணாம்பா" என்று அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

மேசைக்கு அடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் நூலகத்தம்மா அலமாரியிலிருந்து புத்தகங்களைப் பொறுக்கிக் கட்டியதை நான் பார்த்திருந்தேன். எல்லாம் உப்புக் கறை பட்டவை. புத்தகம் பாழாகியிருந்தால் அவள்தான் பதில் சொல்லவேண்டும். நான் குனிந்து மூட்டையை இழுத்தேன்.

"ஆயா, வேணாம்," என்றாள் அவள் மெல்ல.

அவளைச் சிக்கலில் மாட்டிவிடுகிறோமோ என்று எனக்கும் இருந்தது. ஆனாலும் தூக்கி அவர் முன்னால் வைத்து முடிச்சை அவிழ்த்தேன். அவர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். தாள் ஓரம் எல்லாம் உப்பேறி விறைத்துப் போயிருந்தது. நடுவில் நகம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து விரலில் வைத்துப் பார்த்தார்.

"என்ன இது?"

"மடவ மீனு செதிலு சார்."

"புத்தகத்த இப்படியா வெச்சிருக்கறது?" என்று நூலகத்தம்மாவைப் பார்த்தார்.

"படிச்ச புத்தகம் சார் அது," என்றேன். "படிக்காததெல்லாம் அலமாரில கீது பாருங்க, சுத்தமா."

அவர் என்னைப் பார்த்தார். பேப்பரில் வந்த மூதாட்டி என்று தெரிந்துகொண்டிருப்பார். இன்னொரு புத்தகத்தை எடுத்தார். அதில் செதில் கடைசிப் பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பெஞ்சைப் பார்த்து, "இந்தக் கதையில மூத்த பொண்ணு கடைசியில என்ன ஆகறா?" என்று கேட்டார்.

"புருஷன் வூட்டுக்கே போயிடறா சார்," என்றான் ஒருத்தன்.

"போவல சார். பஸ் ஏறறா, அவ்ளோதான். எங்க எறங்கினான்னு கதைல இல்ல," என்றான் தரையில் இருந்தவன்.

"புருஷன் வூட்டு பஸ்ஸுதானடா அது."

"பஸ்ஸு பத்து ஊர்ல நிக்கும். அவ எங்க வேணா எறங்குவா."

"அப்பிடிப்பட்ட பொண்ணு இல்ல அவ."

"நீ அவளுக்கு அண்ணனா?"

துவைத்த சட்டை, மார்போடு பிடித்த புத்தகம் எல்லாம் மறந்துவிட்டார்கள். நாலு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் ஒரு பக்கம். வலைக்காரன் இரண்டு கட்சியையும் அதட்டினான். அதிகாரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில், "எறங்கலைன்னுதான் எனக்கும் தோணுது" என்றார். அவர் சொன்னது எந்தக் கட்சிக்கு என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

போகும்போது நூலகத்தம்மாவிடம் சொன்னார்: "செதிலை எல்லாம் கோப்புல வைக்க முடியாதும்மா. மூணு மாசம் டைம் தரேன். வர்றவங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பேரை அவங்களே எழுதணும். புத்தகம் கெட்டுப்போனதுக்கு ஒரு விளக்கம் எழுதிக் குடு."

பேர் எழுதுவது சுலபம் என்று அவர் நினைத்திருப்பார். மறுநாள் பதிவேட்டுக்கு முன்னால் நின்ற ஆள் பேனாவை வாங்கவே மாட்டேன் என்றான். "அண்ணன் தப்பா நெனைக்கும்" என்று வலைக்காரனைப் பார்த்தான். வலைக்காரன் முகமும் ஒரு மாதிரிதான் இருந்தது. தன் கண் முன்னாலேயே தன் ஆட்கள் தனித்தனியாகப் பேர் எழுதுவதைப் பார்க்க அவனுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். அவன் பேனாவை எடுத்து அந்த ஆள் கையில் வைத்தான். அப்புறம் சொன்னான்: "ஏரி நோட்டு வேற, இந்த நோட்டு வேற. எழுதுங்கடா. நீயும்தான் சின்னம்மா."

நானும்தான் எழுதினேன். என் எழுத்து கோணலாக இருக்கும் என்று அதுவரை யார் கண்ணுக்கும் காட்டியதில்லை. என் பேருக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் பேரின் முதல் எழுத்தையும் போட்டேன். நூலகத்தம்மா பார்த்தாள். மை உலரும்வரை பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் படம் எடுத்த பேப்பர்க்காரர் மறுபடி வந்தார். செதில் கதை எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. என்னைக் கண்டதும் கும்பிட்டார்.

"ஏன் நைனா, நான் சொன்ன ரெண்டு வார்த்தய எங்க வுட்ட?"

"இடம் பத்தலம்மா. செய்தி சின்னது."

"என் படத்துக்கு மட்டும் எடம் பத்திச்சா?"

அவர் பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. சின்ன வயதில் தானும் ஒரு ஒற்றை அறை நூலகத்தில் படித்து வளர்ந்தவர் என்று சொன்னார். "பாழாக் கிடக்குன்னு எழுதினாத்தாம்மா மேல இருக்கறவங்க திரும்பிப் பாப்பாங்க. சுவரைச் சரி பண்ணுவாங்கன்னு நெனச்சுதான் எழுதினேன். மூடப் போவாங்கன்னு நெனைக்கல."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால் அவர் கேட்டபடி ஒரு தடித்த புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் புத்தகத்தை நான் படித்ததில்லை.

செய்தி வந்தது. நூலகத்தை மீட்டெடுத்த மீனவப் பாட்டி என்று தலைப்பு. வாசிப்பே அறியாத குப்பத்தில் வீடு வீடாகப் போய் ஆட்களை அழைத்து வந்தேனாம். நான் யார் வீட்டுக்கும் போகவில்லை. வலைக்காரன் படித்துவிட்டு, "இத்தன வருசமா குந்தி குந்தி பெஞ்சு பள்ளமாகிப் போச்சு, நாங்க வாசிப்பே அறியாதவங்களாம்" என்றான். எனக்குப் பேரனும் கிடையாது பேத்தியும் கிடையாது, நான் எப்படிப் பாட்டி ஆனேன் என்று தெரியவில்லை. அதெல்லாம் போகட்டும். மழையோ வெயிலோ பஸ் பிடித்து வந்து கதவைத் திறக்கிற நூலகத்தம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. முதல் செய்தியிலாவது நூலகர் என்று ஒரு சொல் இருந்தது.

"உன்ன வுட்டுட்டாங்களே," என்றேன்.

"போன தடவ திட்டினாங்க, இந்தத் தடவ திட்டல. அதுவே போதும் ஆயா," என்றாள். அவளுக்கு வருத்தம் இல்லை என்று நான் நம்பவில்லை. அன்றைக்கு என் வீட்டு இறால் தொக்கை அவளுடைய டப்பாவில் அமுக்கி அமுக்கி வைத்தேன்.

அந்தச் செய்தி வந்த பிறகு கொஞ்ச நாள் வெளியூர்க் கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள் வந்து செதில் இருக்கிற பக்கத்தைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள். யாரோ ஒரு பெட்டி நிறைய இங்கிலீஷ் அகராதி கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் ஆம்பிளைகள் பெஞ்சில் இடம் இல்லாமல் வாசலில் நின்று பேப்பர் படித்தார்கள். முதல் செய்தி ஆட்களை உள்ளே வராமல் பண்ணியது, இரண்டாவது செய்தி வந்தவர்களை வெளியே நிற்க வைத்தது. மழை தொடங்கியதும் வெளியூர்க்காரர்கள் நின்றுவிட்டார்கள். பெண் பிள்ளைகள் மட்டும் மறுபடி வர ஆரம்பித்திருந்தார்கள், அது அந்தச் செய்தியால் வந்த நல்லது. அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

மூன்று மாதம் முடிந்தது. பதிவேடு இரண்டு நோட்டு ஆகிவிட்டது. அதை நூலகத்தம்மா மேலே அனுப்பினாள். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி இருக்கும், ஆம்பிளைகள் பேனாவுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள், அவளுக்குக் கடிதம் வந்தது. நின்றபடியே படித்தாள். நூலகம் இங்கேயே தொடரும் என்று இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரர் உட்காருகிற இடத்துப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.

மதியத்துக்கு முன்னால் பேப்பர்க்காரர் போன் செய்தார். அவருக்கும் சேதி எட்டிவிட்டது. நூலகத்தம்மா கொஞ்சம் பேசிவிட்டு போனை என் கையில் கொடுத்தாள்.

"ஆயா, நூலகம் நெலச்சிடுச்சாமே. ஒரு வரி சொல்லுங்க, போட்டுடறேன்."

"தெறந்து கீதுன்னு போடு."

"அது சரி. வேற?"

"வேற இன்னா. பத்து மணிக்கு வந்தாங்க, பேர் எழுதினாங்க, படிச்சினு கீறாங்க. நூலகத்தம்மா ஜன்னல தொறந்து வுட்டுச்சு."

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். "இது எப்படி ஆயா செய்தியாவும்?"

"ஆவலன்னா வுடு நைனா," என்றேன். "நீ ஒரு நாளு வந்து குந்திப் படிச்சிட்டுப் போ. வெள்ளிக்கெழம மட்டும் வராத."

போனை அவளிடம் கொடுத்துவிட்டு, நேற்றைய பேப்பரில் விட்ட வரியைத் தேடி எடுத்தேன்.